பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள்

எங்கள் வீட்டு பாம் ஷெல்ட்டரில், பழைய ரைஸ் குக்கருக்கும் கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டிக்கும் நடுவே பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள் உறை பிரிக்காமல் நெடுநாள் கிடந்தன. (சிங்கப்பூரின் புதிய வீவக அடுக்குமாடி வீடுகளில் குண்டுக்கு ஒளிந்துகொள்ளக் கட்டித் தந்த அறை அது. யார் வீட்டில் போய்ப் பார்த்தாலும் ஸ்டோர்ரூம்தான்.) 2020 மார்ச் தொடக்கத்தில் தேக்காவில் வாங்கினேன். டஜனாக எடுத்தால் விலை குறையும் என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியதும் டஜன்தான். சீடர்கள் பன்னிரண்டு பேர் அல்லவா?

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் தேதி. எங்கள் சபையில் ஞாயிறு மாலை கூடுகிற வெளிநாட்டு ஊழியர் ஐக்கியத்திலிருந்து பன்னிரண்டு தம்பிகளை வேலை முடிந்ததும் வேனில் ஏற்றிவந்து, ஆராதனையில் அவர்களின் கால்களைக் கழுவுவது என்று திட்டம். திட்டம் என்னுடையது. கழுவுகிறவர்களில் முதல் ஆளும் நான். எஃகுத் தொட்டிகள் நான்கு, குடங்கள் இரண்டு, படம் எடுக்க நண்பர் ஒருவர். அவரிடம் நான் சொன்னதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. “முகம் தெரியணும்னு அவசியமில்லப்பா, கையும் காலும் விழுந்தா போதும். ஆனா ஒண்ணு ரெண்டு முகத்தோடயும் எடுத்து வை.”

பணிவைப் படமெடுக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோமே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் பிழைப்புக்குச் செய்வது சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடல். எந்தக் கண்டெய்னர் எந்த லாரியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று எக்செல் தாளில் வண்ணம் தீட்டுகிற வேலை. அந்தப் பழக்கத்தைச் சபைக்குள்ளும் கொண்டுவந்திருந்தேன். ஐக்கியத்தில் யார் பாடுவது, யார் செய்தி கொடுப்பது, எத்தனை பொட்டலம் சாப்பாடு, எந்த விடுதியிலிருந்து எத்தனை பேர் எல்லாம் என் மடிக்கணினியில் இருந்தன. ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்றால் கூட்டம் என்ன ஆகுமோ என்று படுக்கையில் புரண்டிருக்கிறேன். அதற்குப் பாரம் என்று பெயர் வைத்திருந்தேன். நம் சபைப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு: “அண்ணனுக்கு இந்த ஊழியத்துல ரொம்ப பாரம்.” அந்தப் பாரத்தில் பாதி, நான் இல்லாவிட்டாலும் நடந்துவிடுமோ என்கிற பயம்.

இதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. சபையின் ஆண்டுவிழா மலரில் இந்த ஐக்கியத்தைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. படங்கள் இருந்தன, உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. யாரோ தட்டச்சு செய்யும்போது ஒரு வரி விழுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அசிங்கம். ஆனால் இரண்டு வாரம் பாட்டு வேளையில் என் வாய் மட்டும்தான் அசைந்தது. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: “வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே போன மாசம் செய்தி கொடுத்தீங்க? மலர்ல போடலன்னா தப்பில்லையே?” கோபம் வந்தது. பதில் வரவில்லை.

ஊழியம் என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் செய்தித்தாளைத் திறந்தால் ‘வெளிநாட்டு ஊழியர்’ என்று இருக்கும். கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டுகிறவர், கப்பல் பட்டறையில் பற்றவைக்கிறவர், லாரியின் பின்னால் உட்கார்ந்து விரைவுச்சாலையில் போகிறவர் எல்லாரும் ஊழியர். சபைக்குள் நுழைந்தால் அதே சொல் மேடையில் நிற்கிறது. ஊழியர் என்றால் அங்கே போதகர், செய்தியாளர், ஊரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர். சால்வை போடுவது அவருக்கு. ஒருமுறை ஐக்கியத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவரிடம் “இன்னிக்கு ஊழியர் வர்றாரு, முன்னாடி வந்து உட்காருங்க” என்றேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய், “எந்தக் கம்பெனி சார்?” என்றார்.

எங்கள் குடும்பத்தில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. அம்மா வழியில் நாகர்கோவில் பக்கம். பாட்டி ‘ஊழியம்’ என்று சொன்னால் அது கோயிலைப் பற்றிய பேச்சாக இருக்காது. பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்குக் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்குத்தான் ஊழியம் என்று பெயர். சுமை தூக்கு என்றால் தூக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வாயில்லை. 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, சபைகள் முளைத்து, ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை கும்பிடப் போக வேண்டும் என்றபோது, அந்த ஒரு நாளாவது ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள்: ஊழியத்திலிருந்து தப்பித்து கோயிலுக்குப் போன ஜனத்தின் பேரப்பிள்ளை நான். அதே ஞாயிற்றுக்கிழமை, ஊழியம் செய்யப் போகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புகிறேன்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்கிறார். ‘அடிமை’ என்பதை நான் சின்ன வயதிலிருந்து கவிதை மாதிரிதான் வாசித்து வந்திருக்கிறேன். பாட்டியின் அகராதியில் அது கவிதை இல்லை. யாருடைய பெயரும் எந்த மலரிலும் வராத வேலை.

சரி, கதைக்கு வருகிறேன்.

மார்ச் 26 இரவோடு எல்லாச் சமய வழிபாடுகளும் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 7 முதல் சர்க்யூட் பிரேக்கர் என்கிற ஊரடங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பே இரண்டு பெரிய ஊழியர் விடுதிகளை அடைத்திருந்தார்கள். பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக அடைபட்டன. விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது என்று அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் கணக்குச் சொன்னது. கிட்டத்தட்ட பாதிப்பேர். என் எக்செல் தாளில் இருந்த அத்தனை பெயரும் அந்தக் கணக்குக்குள் இருந்தன. வேன் ரத்து, தொட்டிகள் சபையின் ஸ்டோருக்கு, துண்டுகள் பாம் ஷெல்ட்டருக்கு.

முதல் வாரம் கடவுள்மேல் எனக்குக் கோபம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை இப்படியா கலைப்பது? இரண்டாம் வாரம் வீடியோ அழைப்பில் ஐக்கியத்தை நடத்தலாம் என்று முடிவு செய்து, ‘பயப்படாதே’ என்ற தலைப்பில் இருபது நிமிடச் செய்தி தயாரித்தேன். இரவு எட்டே முக்காலுக்கு இணைந்தோம். நான் நாலு வாக்கியம் பேசுவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி உள்ளே வர முயன்றேன், திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து எப்படியோ உள்ளே போனால், கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது!

நடத்திக்கொண்டிருந்தவர் ராமநாதபுரத்துத் தம்பி. சாரம் கட்டுகிறவர். மூன்று வருடமாக ஐக்கியத்துக்கு வந்தவர் என்றாலும், என் தாளில் அவர் பெயருக்கு நேரே ‘நாற்காலி’ என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டுப் போகிறவர். ஒரு தடவைகூடச் சாட்சி சொல்ல எழுந்ததில்லை. இப்போது மேல் கட்டிலில் சம்மணமிட்டு, தலை கூரையில் முட்டாமல் குனிந்தபடி சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். கீழே, பக்கத்தில், ஈரத் துணிகளுக்கு நடுவில் இன்னும் நாலைந்து முகங்கள். அதில் இரண்டு பேர் கிறிஸ்தவர்களே இல்லை. ஒருவர் மனைவிக்கு ஊரில் பிரசவம் நெருங்குகிறது, ஜெபிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தெரிந்தது, எங்கள் வீடியோ அழைப்புக்கு முன்பே அடைத்த மறுநாளிலிருந்து அவர்கள் தினமும் கூடிக்கொண்டிருந்தார்கள் என்று. “சொல்லவே இல்லையே தம்பி?” என்றேன். “நீங்க பிஸியா இருப்பீங்கன்னு நினைச்சோம்ணே” என்றார், குத்தல் ஏதுமில்லாமல்.

மே மாதம் அவருக்குத் தொற்று உறுதியாகி எக்ஸ்போ மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்காட்சி நடக்கும் கூடத்தில் தடுப்புகள் வைத்துப் படுக்கை போட்டிருந்த இடம். அங்கிருந்து பேசும்போது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். பக்கத்துப் படுக்கையில் வயதான பங்ளாதேஷ்காரர், எழுந்து நடக்கத் தெம்பில்லை. காலையில் இவர் போய் அவருக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டு வருகிறாராம். “பாஷை தெரியாதே?” என்றேன். “‘கொரோம் பானி’ன்னு கத்துக்கிட்டேன்ணே. அது போதும்” என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பது போல, “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

அம்மா ஒரு தாதிமை இல்லத்தில் இருந்தார். எண்பத்தொரு வயது, முப்பது வருடச் சர்க்கரை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அங்கே யாரும் பார்க்கப் போகக் கூடாது. ஒரு வாரம் காய்ச்சல் என்றார்கள், பிறகு பரவாயில்லை என்றார்கள், பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. இதை நான் சபையில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ‘பயப்படாதே’ என்று செய்தி கொடுக்கிறவன் பயப்படலாமா? அவர் கேட்டதும் உடைந்துபோனேன். அந்தத் தம்பி, நோயாளியாகப் படுத்திருக்கிறவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து என் அம்மாவுக்காக ஜெபித்தார். சின்ன ஜெபம். இலக்கணம் சரியில்லை, நடுவில் இருமல். ‘ஆண்டவரே, அந்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் குடும். அண்ணனுக்கும் குடும்.’

யோவான் 13இல் எனக்கு எப்போதும் பிடித்தது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டுகிற இடம். பேதுருவை அவசரக்குடுக்கை என்று தாண்டிப்போய்விடுவேன். அந்த இரவு பேதுருவிடம் நின்றேன். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவக் கூடாது என்கிறான். கேட்கத் தாழ்மை மாதிரியே இருக்கும். ஆனால் ஆண்டவர் அதைப் பாராட்டவில்லை. கழுவ விடாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றுவிட்டார். குனிந்து பிறர் காலைத் தொடுவது எனக்குக் கஷ்டமே இல்லை. காமிரா இருந்தால் இன்னும் சுலபம். என் வெடித்த குதிகாலை இன்னொருவன் கையில் கொடுப்பதுதான் முடியவில்லை. அதுவும் நான் ‘நாற்காலி’ என்று எழுதி வைத்திருந்தவன் கையில்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா பேசியது நினைவுக்கு வருகிறது. இரண்டு வருடம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். மேடை நிறைய மேல்நாட்டு மிஷனெரிகள். அவர்கள் செய்த தியாகங்களையெல்லாம் வாயாரச் சொல்லி நன்றி கூறிவிட்டு, கடைசியில் எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூடத்தில் சிலருக்கு அது சுருக்கென்றது. இந்தக் கதையைப் பல தடவை செய்திகளில் சொல்லியிருக்கிறேன், எப்போதும் அசரியாவின் பக்கம் நின்றுகொண்டு. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த துரைமார்களில் ஒருவன் என்று நினைத்ததே இல்லை. தம்பிகளுக்குச் சாப்பாடு கொடுத்தேன், வேன் கொடுத்தேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட என் பயத்தை அவர்களிடம் சொன்னதில்லை. நண்பனிடம் அதைத்தானே முதலில் சொல்லுவோம்?

‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்கிற வாக்கியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் அதைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவதைப் பார்த்து எனக்கு எரிச்சல் உண்டு, இன்றும் உண்டு. வேன் சொல்லவில்லையா? கர்த்தர் பார்த்துக்கொள்வார். சாப்பாடு பத்துப் பேருக்குக் குறைகிறதா? கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஆபிரகாம் அதைச் சொன்னது பாயில் படுத்துக்கொண்டு இல்லை. கையில் கத்தியும் நெருப்பும், மகன் தோளில் விறகும் இருக்க, மலை ஏறிக்கொண்டே சொன்னான். ஆகவே எக்செல் தாளை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் தாளை மூடிவிட்டுத் தூங்கப் போக முடிகிறதா என்று இப்போது பார்க்கிறேன். முன்பு முடியாது.

எங்கள் மெதடிஸ்ட் சபைகளில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை ஒன்று உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கி வைத்த வழக்கம். எல்லாரும் எழுந்து நின்று, நான் இனி எனக்குச் சொந்தமல்ல என்று ஆரம்பிக்கும் ஜெபத்தைச் சேர்ந்து வாசிப்போம். அதில் ஒரு வரி, உமக்காக என்னை வேலையில் வையும் அல்லது உமக்காக ஒதுக்கி வையும் என்கிற பொருளில் வரும். வருடா வருடம் வாசித்திருக்கிறேன். ‘வேலையில் வையும்’ என்பதில் குரல் உயரும். அடுத்த பாதியை, பேருந்து வந்துவிட்டது போல வேகமாகத் தாண்டிவிடுவேன். 2021 ஜனவரியில் திரையைப் பார்த்து வீட்டு வரவேற்பறையில் நின்றபடி வாசித்தபோதுதான் அந்தப் பாதி காதில் விழுந்தது.

டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். இருபது வருடம். ஓடியாடிக் குழந்தைகளை மீட்டவர். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அம்மா என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் அதில். அந்தத் தொட்டியை நான் கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழகு என்று படம் எடுத்துக்கொண்டு வந்தேன். படம் எடுப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

மறுபடி நேரில் கூட ஆரம்பித்தபோது ஐக்கியத்தைத் தம்பிகளே நடத்தினார்கள். யாரும் என்னை விலக்கவில்லை, வாங்கண்ணே என்றுதான் சொன்னார்கள். ஆனால் இடம் நிரம்பியிருந்தது. இப்போது சோற்றுக் கலன் தூக்குகிறேன், கடைசியில் நாற்காலி மடிக்கிறேன். முதல் சில மாதம் உள்ளே எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் பொய். ராமநாதபுரத்துத் தம்பி பர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் குரல்பதிவு அனுப்புவார்.

அம்மா அந்தக் காய்ச்சலைத் தாண்டிவிட்டார். கட்டுப்பாடுகளெல்லாம் தளர்ந்த பிறகு ஒருநாள் இல்லத்திலிருந்து, அம்மாவுக்குத் துண்டு தேவைப்படுகிறது, பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கடைக்குப் போகத் தேவையிருக்கவில்லை. பாம் ஷெல்ட்டரிலிருந்து எடுத்து உறை பிரித்தேன். பன்னிரண்டின் மூலையிலும் அம்மாவின் பெயரையும் படுக்கை எண்ணையும் கறுப்பு மார்க்கரால் எழுதினேன். மார்க்கர் மை துணியில் லேசாக ஊறிப் பரவியது.

நான் போன நேரம் மியன்மார்ப் பெண் ஒருவர் அம்மாவுக்குக் கால் கழுவ உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைப் பாப்பா என்று கூப்பிடுவார், தமிழிலேயே பேசுவார், அவரும் எதையோ புரிந்துகொண்டு தலையாட்டுவார். அவசரமாக வேறு படுக்கைக்கு யாரோ கூப்பிடவே, அவர் தொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, “யூ டூ, கேன்?” என்றார். கேன் என்றேன்.

அவர் எழுவதற்கு முன் காட்டிக்கொடுத்தார். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரைக் காலுக்குச் சுடுவது தெரியாது. தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் புண்ணாகும். கிரீம் குதிகாலுக்கு மட்டும், இடுக்கில் போடக் கூடாது. நான் தரையில் மண்டியிட்டேன். அம்மாவின் பாதம் நினைத்ததைவிடக் கனமில்லாமல் இருந்தது. சுண்டுவிரல் நகம் கொம்பு போலத் தடித்து வளைந்திருந்தது. எப்போதிருந்து அப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதுவரை இந்தக் காலை நான் தொட்டதில்லை. சபையில் பன்னிரண்டு பேருக்குக் கழுவக் கிளம்பியவன்.

புதுத் துண்டு தண்ணீரை இழுக்கவில்லை, வழுக்கியது. ஒற்றினேன், திரும்ப ஒற்றினேன். அம்மா மேலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவுப் பக்கம் கழுத்தைத் திருப்பிக் கூப்பிட்டார்.

“பாப்பா, இவனுக்குத் தொடைக்கத் தெரியல. விரலிடுக்குல ஈரம் அப்படியே இருக்கு. நீ வா.”

நான் துண்டைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொட்டப் போனேன்.